ஏறுகிறவனுக்கு வழி

மலைப்பாதையில் ஒரு வண்டி ஏறியும் மற்றொன்று இறங்கியும் வரும்போது, இரண்டும் ஒருசேரக் கடப்பதற்கு இடம் போதாத குறுக்கம் எதிர்ப்பட்டால், இறங்குகிற வண்டி ஓரமாக ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 1989-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வகுத்த சாலை விதிகளில் இது எழுத்திலேயே இடம்பெற்றது. எழுத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே மலைநாட்டு வண்டிக்காரர்கள் இதை அனுஷ்டித்து வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். விதிக்குக் காரணம் எளிது. பாரத்தோடு செங்குத்தான சரிவில் ஒருமுறை நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம். கிளப்பும் தறுவாயில் அது பின்னுக்கு உருண்டுவிடும் அபாயமும் உண்டு. இறங்குகிற வண்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், பூமியே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். வாகன சாஸ்திரத்தின் அற்ப நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால், சமவெளிச் சாலைகளில் லாரிக்குக் காரும், காருக்கு சைக்கிளும், சைக்கிளுக்கு நடந்து போகிறவனும் அஞ்சி ஒதுங்குவதையே வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிப்போன எனக்கு, சிரமப்படுகிறவனுக்குச் சிரமம் கழிந்தவன் இடம் கொடுக்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாடு, தர்ம சாஸ்திரத்தின் ஏதோ ஓர் ஏட்டிலிருந்து நழுவி மோட்டார்ச் சட்டத்துக்குள் வந்து விழுந்துவிட்ட வாக்கியமாகவே தோன்றிற்று.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், சென்ற ஆவணி மாதத்தில் எங்களை நீலகிரிக்கு அழைத்துச் சென்ற வேனின் சாரதி. எங்கள் ஊர் காவிரிப் பாசனத்துச் சமவெளியில் இருக்கிறது. ஆற்றங்கரையைத் தவிர மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தப் பிரதேசத்திலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, எண்பது வயதை நெருங்கிவிட்ட என் தாயார், பழனி மலையையும் திருச்சி மலைக்கோட்டையையும் தவிர வேறு மலை ஏறியவர் அல்லர். "மலைமேலே ஊரே இருக்காமேடா, கண்ணை மூடறதுக்குள்ளே ஒருதரம் பாத்துடணும்" என்று அவர் ஒருநாள் சொன்னதுதான் எங்கள் பிரயாணத்துக்கு மூலகாரணம். அம்மா, என் மனைவி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் எங்கள் பெண், என் தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பையன்கள் என்று ஒரு சிறு படையாகக் கோயம்புத்தூர் வரையில் ரயிலில் வந்து, அங்கே ஒரு வேனை அமர்த்திக்கொண்டோம். சாரதி காரமடைக்காரர், நடுத்தர வயதினர், வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' சேர்த்துப் பேசும் கொங்கு நாட்டு மரியாதை அவரிடம் குறைவின்றி இருந்தது.

குடும்பப் பிரயாணத்தை ஓயாமல் சிலாகித்து எழுதுகிறவர்களின் வார்த்தையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ஜன்னலோரத்து இடத்துக்காக நடக்கும் யுத்தமும், இட்லி மிளகாய்ப்பொடியோடு கட்டி வந்த பொட்டலம் எந்தப் பைக்குள் இருக்கிறது என்ற விசாரணையும், வீட்டில் காஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் எழும் சந்தேகமும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானவை, எங்களுக்கும் விலக்கில்லை. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளின் லாரி நெரிசலைத் தாண்டிப் பவானிப் பாலத்தைக் கடந்து, பாதையின் இருமருங்கும் பாக்குத் தோப்புகள் நெடுநெடுவென்று எழுந்து நிழல் கவிக்கத் தொடங்கியபோதுதான் வண்டிக்குள் பேச்சுக் குறைந்தது. அந்த இடத்தில் கண்ணெதிரே ஒரு சுவர். அந்தச் சுவர்தான் மலை என்பது சமவெளிக்காரனுடைய புத்திக்கு உடனே எட்டுவதில்லை. அம்மா, மேகத்துக்கு மேலே தெரிந்த ஒரு கரிய விளிம்பைச் சுட்டிக்காட்டி, "அதுக்கு அந்தப் பக்கமா போகப் போறோம்?" என்று கேட்டார். "அதுக்கு மேலயேங்க, பெரியம்மா" என்றார் சாரதி.

கல்லாற்றிலிருந்து ஏற்றம் ஆரம்பமாகிறது. ரயில் பாதைக்கும் அதுவே எல்லை. அதுவரையில் மற்ற ரயில்களைப்போலச் சாதாரணமாக வந்த மலை ரயில், கல்லாறு முதல் குன்னூர் வரையில் தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. 1891-இல் தொடங்கி 1908-இல் உதகை வரையில் முடித்த அந்தப் பாதை, 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ரயிலுக்கு எங்களுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு இப்போது வருத்தமுமில்லை, ஏனெனில் ரயிலுக்கு எதிரே யாரும் வருவதில்லை.

பாதையில் எதிரே வருகிறவர்கள்தாம் விசேஷம். குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பையன்கள் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். நாலாவதோ ஐந்தாவதோ வளைவில், மேலிருந்து காய்கறி மூட்டைகளை உச்சிவரையில் அடுக்கிக்கொண்டு வந்த ஒரு லாரி, எங்களைக் கண்டதும் வளைவுக்கு முன்பே பாறையோரமாக ஒதுங்கி நின்றது. அதன் சாரதி ஜன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே அசைத்தார். எங்கள் சாரதி செகண்ட் கியரில் முனகிக்கொண்டு வளைவைச் சுற்றி ஏறி, கடக்கும்போது ஹாரனை லேசாக ஒருமுறை தட்டினார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

"ஏம்ப்பா, அவன் பெரிய வண்டி, நாம சின்ன வண்டி. அவன் எதுக்கு நிக்கணும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அவரு இறங்கறாருங்க, நாம ஏறறோம். மலையில ஏறற வண்டிக்குத்தானுங்க மொதல்ல வழி. நின்னுட்டா நமக்குத்தான் கஷ்டம். அவருக்கு என்னங்க, காலை எடுத்தாப் போயிருவாரு."

"நல்ல சட்டமா இருக்கே, யார் போட்டது?" என்றார் அம்மா.

"அது தெரியலீங்க பெரியம்மா. எனக்கு எங்கண்ணன் சொல்லிக் குடுத்தாரு. மேல வர்றவனை நிறுத்திப்போட்டு நீ கீழ போய் என்னத்தடா பண்ணப் போறேம்பாரு."

இதற்கு மேல் ஒரு வியாக்கியானம் தேவையா என்று யோசிக்கிறேன். ஆனாலும் அன்று முழுவதும், அதற்கு அடுத்த நாளும், நாங்கள் பார்த்த ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஏறும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இளைய பையன் வாந்தி எடுத்தான். அம்மா இதற்கென்றே முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த உப்பிட்ட நாரத்தங்காயை அவன் வாயில் வைத்தார். காதடைத்துப் போன என் பெண் எச்சிலை விழுங்கி விழுங்கிச் சிரித்தாள். பர்லியாரில் நிறுத்தினோம். அங்கே 1871-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் பழப் பண்ணை ஒன்று உண்டு. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று ஈரமும் வெப்பமும் கலந்த காற்றில் மட்டும் விளையும் மரங்களை அங்கே வளர்க்கிறார்கள். கூறு போட்டு விற்ற மங்குஸ்தானை வாங்கி, கருஞ்சிவப்பு ஓட்டை நசுக்கி உள்ளே இருந்த வெள்ளைச் சுளைகளை ஆளுக்கு இரண்டாக அம்மா பங்கிட்டார். குரங்குகள் தங்கள் பங்கைத் தாமே எடுத்துக்கொண்டன. பலாப் பழுக்கும் மாதங்களில் யானைகளும் இந்தப் பக்கம் இறங்கி வருவதுண்டு என்றும், கல்லாற்றுச் சரிவில் அவை குறுக்கே போகும் தடம் ஒன்று வெகுகாலமாக உண்டென்றும், யானை நடுவில் வந்து நின்றுவிட்டால் பஸ்ஸானாலும் லாரியானாலும் அதுவாகப் போகும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான் என்றும் சாரதி சொன்னார். "அதுக்கு ஏத்தமும் கிடையாதுங்க, எறக்கமும் கிடையாது. எல்லாம் அதோட வழி."

குன்னூர், வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி என்று ஊர்கள் வரிசையாக வந்தன. தேயிலைச் சரிவுகளைப் பார்த்து எல்லோரும் 'ஆகா' என்றார்கள், நானும் சொன்னேன். உதகையைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உற்சாகமில்லை. ஏரியில் படகு ஓட்டினோம், வர்க்கி தின்றோம், இரவில் குளிரால் நடுங்கினோம். ஊரெங்கும் வண்டிகள் நிற்க இடமின்றி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

என் மனத்தில் தங்கியது தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மேடு. 1848-இல் மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலை நிபுணர் வந்து படிப்படியாக உருவாக்கிய அந்தப் பூங்காவில், கம்பளம் விரித்தாற்போன்ற புல்தரையையும் கண்ணாடி வீட்டுப் பூக்களையும் பார்த்துக்கொண்டே மேலேறிப் போனால், கடைசியில் தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த அரை வட்டக் கூரை. தவழ்ந்தால் மட்டுமே நுழைய முடிகிற அத்தனை சிறிய வாசல். பக்கத்தில், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் தாங்கள் போட்ட பூவேலைச் சால்வைகளை விற்பனைக்கு விரித்து வைத்திருந்த பெண்கள். வந்தவர்கள் குடிசையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா அங்கே ஒரு கல்லின்மீது உட்கார்ந்து, கீழே பரந்து கிடந்த பூங்காவைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்கதான் முதல்லேயிருந்து இங்கே இருந்தவங்களா? அப்போ கீழே இருக்கற தோட்டமும் இவங்க இடந்தானா?" என்று கேட்டார். ஆமென்றும் சொல்லாமல் அல்லவென்றும் சொல்லாமல் நான் அவரை எழுப்பி அழைத்து வந்தேன்.

ஆம் என்பதுதான் பதில். எருமைகளை மேய்த்து அந்தப் பாலையே தெய்வ காரியமாகப் போற்றிய தோடர்களும், இரும்படித்தும் மண் வனைந்தும் எல்லோருக்கும் வாத்தியமும் வாசித்த கோத்தர்களும், தேனெடுத்த குறும்பர்களும், தினையும் சாமையும் விதைத்த படுகர்களும் ஒருவர் விளைச்சலை ஒருவர் கொண்டு வாழ்ந்திருந்த மலை அது. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்தார். அதன்பின் 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக மதராஸ் பயனியர் படையினர் முதல் பாதையை வெட்டினர்; அடுத்த பத்தாண்டில் குன்னூர்ப் பக்கமும் ஒரு பாதை திறந்தது. அப்பால் ஏறியவர்களுக்குக் கணக்கில்லை. 1834-இல் மெக்காலே, கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைச் சந்திப்பதற்காகச் சென்னையிலிருந்து உதகை வரையில் சுமார் 400 மைல் தூரத்தையும் மனிதர்களின் தோள்மீதே கடந்து வந்தார். அந்தப் பயணத்தில் மலையேறியவர் யார்? பல்லக்குக்குள் சாய்ந்திருந்தவரா, அதைச் சுமந்த போகிகளா? ஏறுகிறவனுக்கு வழி என்ற விதியை யாருக்காகப் பிரயோகிப்பது? சரித்திரப் புத்தகம் மெக்காலேயின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. வேனுக்குள் சௌகரியமாக உட்கார்ந்து, யந்திரம் முனக, நாரத்தங்காய் சுவைத்துக்கொண்டே மேலே வந்த நாங்கள்தாம் இப்போது அந்தப் பல்லக்கில் இருக்கிறோம் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை.

சாரதி சொன்ன விதியில் ஒரு மறுபாதி இருக்கிறது. வழிவிட்டு ஒதுங்கியவன் ஒதுங்கியே நிற்பதில்லை. ஏறுகிறவன் கடந்தவுடன் தன் வழியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தானும் போகிறான். அந்த மறுபாதி இல்லாவிட்டால், விட்டுக்கொடுத்தல் என்பது பறிகொடுத்தல் ஆகிவிடும். நீலகிரியில் நிகழ்ந்தது அதுதான். ஏறி வந்தவர்களுக்கெல்லாம் மலை வழிவிட்டது. விட்ட வழி திரும்பவில்லை. மனிதர்களுக்கு மட்டுமா? மடிப்பு மடிப்பான சரிவுகளில் மேலெல்லாம் புல்லும், இடுக்குகளில் மட்டும் அடர்ந்த சோலையுமாக இருந்த இயற்கை அமைப்பு, மழையை வாங்கித் தேக்கிவைத்து ஓடைகளில் சிறுகச் சிறுக விடுவதற்கென்றே ஏற்பட்டது. மரமில்லாத புல்வெளியைப் பாழ்நிலமென்று எண்ணி, முதலில் ஆங்கிலேயர் விறகுக்காகவும், பின்னர் நம்முடைய அரசாங்கமே தொழிற்சாலைகளுக்காகவும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தையும் தைல மரத்தையும் அங்கே நட்டுப் பரப்பியாயிற்று. இன்று உதகையில் வண்டியை விட்டு இறங்கியவுடன் மூக்கில் ஏறும் தைல மணத்தை நாம் மலையின் மணம் என்று எண்ணி ஆழமாகச் சுவாசிக்கிறோம். கண்ணுக்கு விருந்தாக நாம் கொண்டாடும் காட்சிகளில் ஏரி, பூங்கா, தேயிலை, தைல மரம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று அன்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஞ்சியது சிகரங்களும் மேகமும், இடுக்குகளில் பதுங்கிய சிறுசிறு சோலைகளும்தாம். சரிவை வெட்டி வீடு கட்டுவதும் இந்த வழிபறித்தலில் ஒரு வகையே. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மலைக்குப் பொறுமை எல்லையற்றதல்ல என்பது தெரிந்தது.

திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்கினோம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில், சல்லிவன் முதலில் தங்கிய வீட்டைப் புதுப்பித்து நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்வது சுலபமல்ல. உதகையில் கல்வீடு கட்டியவர் அவர். இன்றைக்கு அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஓடையைத் தடுத்து ஏரி உண்டாக்கியவர் அவர். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு நிலம் வாங்கினார் என்றும் சொல்லுகிறார்கள். அதே சல்லிவன்தான், இந்த மலை தோடர்களுக்கு உரியது, அவர்களுடைய சம்மதமின்றிச் சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள நியாயமில்லை என்று வாதாடி, கவர்னர் லஷிங்டனுடைய விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டவர். கதவைத் திறந்து விட்டவரே, உள்ளே வருகிறவர்களைப் பார்த்து இது பிறர் வீடென்று எச்சரித்தார். அவருடைய வாதம் எடுபடவில்லை. கதவு மட்டும் திறந்தே கிடந்தது. என் பெண் அங்கிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவர் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டாள். குழந்தைகளுடைய கேள்விகளில் இது ஒன்றுதான் பெரியவர்களால் பதில் சொல்ல முடியாதது. அவருக்கு நியாயம் தெரிந்திருந்தது என்று மட்டும் சொன்னேன்.

கோத்தகிரியைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, கடையை நடத்திய அம்மாளோடு என் தாயார் பேச்சுக் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்களோடு ஐந்து நிமிஷத்தில் உறவு கொண்டாடிவிடும் வித்தை அவருக்குக் கைவந்தது. "எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "இந்த ஊருதான். எங்கப்பாம்மா சிலோன்லேருந்து வந்தவங்க. கண்டிப் பக்கம் தோட்டம்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி அவங்க பாட்டன் புதுக்கோட்டைலேருந்து போனவராம்" என்று பதில் வந்தது. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டுமென்று தீர்மானமாயிற்று. அப்படி வந்தவர்களில் பலரைக் குடியேற்றுவதற்காக, 1968 முதல் அரசாங்கமே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. ஒரு மலையில் தேயிலை கிள்ளிய கைகள், கடல் தாண்டி வந்து இன்னொரு மலையிலும் அதையே கிள்ள நேர்ந்தது. பாரத்தோடு ஏறியவர்கள் என்று இந்த மலையில் யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக வந்தவர்களுக்கு வழிவிட்டாக வேண்டும். அதற்கும் இடம் கொடுத்தது இந்த மலையின் காடுதான். நியாயம் ஒருபக்கமாக இருந்தால் யோசிப்பதற்குச் சௌகரியமாக இருக்கும். மலைப்பிரதேசத்தில் அந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை. அந்த அம்மாள் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அம்மா அவருடைய பேத்தியின் கையில் பலவந்தமாக ஒரு நோட்டைத் திணித்துவிட்டு வண்டி ஏறினார்.

இறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். சாரதி அப்படியே நிதானமாக இறக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். பாதை திரும்பும் இடங்களில் கீழே சமவெளி, தென்னந்தோப்பும் கரிசலுமாக வெயிலில் விரிந்து விரிந்து மறைந்தது. ஒரு குறுகிய திருப்பத்தில் எங்கள் வேன் ஓரம் கட்டி நின்றது. கீழிருந்து ஓர் அரசு பஸ், படிக்கட்டு வரையில் ஆட்களோடு மூச்சுத் திணறிக்கொண்டு ஏறி வந்தது. ஜன்னலோரங்களில், சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், மடியில் பைகளோடு, பள்ளிக்கூடத்துச் சீருடையில் பிள்ளைகள், மேற்கூரையில் மூட்டைகள். அது எங்களை உரசிக்கொண்டு கடக்க வெகுநேரம் ஆயிற்று. "இப்போ நம்ம முறையா?" என்றார் அம்மா. சாரதி சிரித்துக்கொண்டு, "ஆமாங்க பெரியம்மா, நாமதானுங்க இப்ப எறங்கறோம்" என்றார். மாப்பிள்ளை நேரத்தைப் பார்த்தார். கோயம்புத்தூர் ரயிலுக்கு அவகாசம் இருந்தது. நான் பார்த்த மலைக்காட்சிகளுக்குள் அந்த பஸ்ஸையும் ஒன்றாகவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசி மாதங்களில் போயிருந்தால் இந்தச் சந்திப்புக்கே இடமிராது. கூட்டம் மிகும் அந்தக் காலத்தில் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போலீஸார் பாதைகளை ஒருவழியாக்கிவிடுகிறார்கள். வேறு உபாயம் இல்லைதான். ஆனால், ஏறுகிறவனும் இறங்குகிறவனும் முகத்துக்கு முகம் பார்க்காத பாதையில், வழிவிடுவதற்கு யாரும் இல்லை. எல்லோரும் ஒரே திசையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள், பின்பு அவ்வாறே இறங்குகிறார்கள். நூறு வண்டிகளுக்கு நடுவே அகப்பட்டு, அடிக்கொருதரம் நின்று நின்று ஏறி, உச்சியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த நண்பர்கள் சொல்லும் கதைகள் எல்லாம் இந்த இரண்டு மாதங்களைச் சேர்ந்தவை.

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகள் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று ஏற்பட்டது. அடுத்த ஆண்டில், கோடைக்காலத்தில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் இதனால் பிழைப்புக் கெடுகிறதென்று முறையிடுகிறார்கள். அவர்களுடைய முறையீட்டை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. இரண்டு மாத வருமானத்தைக் கொண்டு ஆண்டு முழுவதையும் ஓட்டும் சிறு வியாபாரிகள் அவர்களில் அநேகர். எனினும், இரு நூற்றாண்டுகளாக ஏறுகிறவர்களுக்கே ஒதுங்கி நின்ற மலை, முதல் தடவையாகத் தனக்கும் ஒரு முறை கேட்கிறது என்றே அந்த வரம்பை நான் புரிந்துகொள்கிறேன். அது நியாயமான கோரிக்கை என்பது என் அபிப்பிராயம். அந்த எண்ணிக்கையும்கூட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே குழந்தைகளோடும் பெரியவர்களோடும் மலைக்குப் போக உத்தேசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையைத் தவிர வேறு நாள் வாய்க்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் ஆவணியிலோ மாசியிலோ போகலாம். நாரத்தங்காய் எடுத்துக்கொள்ளுங்கள்; பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைக் கீழேயே விட்டுவிடுங்கள். தோடர் மந்துக்குப் போனால் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாவிட்டாலும் குறைவில்லை: மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கும், கோத்தகிரிக்கும் அரசுப் பேருந்துகள் போகின்றன, அவற்றுக்கு இ-பாஸ் தேவையில்லை.